பின்சீட்டுக் கதவு

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்கள் வட்டாரத்தில் அவனுக்கு ரெட்டைச்சாவி என்று பெயர். லிஃப்டின் வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி மற்றவர்களிடம் ஒன்று இருந்தால் அவனிடம் இரண்டு இருக்கும். ஒன்று இடுப்பில், இன்னொன்று காலுறைக்குள். டார்ச்சும் இரண்டு. மேகமே இல்லாத நாளிலும் பையில் குடை. "இவன் ஒண்ணோட நிறுத்திக்கிட்டது பொண்டாட்டியை மட்டும்தான், அதுவும் பயத்துல" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், சிரித்துக்கொண்டே காலுறையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

இப்படிப்பட்டவன் கார் வாங்கக் கிளம்பினால் வீடு என்ன பாடுபடும்? மூன்று வாரமாக அந்தப் பாடுதான் பட்டுக்கொண்டிருந்தது.

கார் அவன் மனைவிக்கு. அவள் ஜன்னல் திரைச்சீலை தைக்கிறவள். அளவெடுக்க வீடுவீடாகப் போக வேண்டும், துணிக்கட்டுகளைச் சுமக்க வேண்டும், பள்ளிக்கூடம் விட்டதும் ஐந்து வயது மகளையும் கூடவே இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். அந்த மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர், பொருத்தமான பெயர்தான். பழைய கார் விற்கும் இடத்தில் அவர்களுக்கு ஒத்துவருகிற மாதிரி இரண்டே கார்கள் இருந்தன. ஒன்று சிவப்பு, இரண்டு கதவு. மற்றது சாம்பல் நிறம், நான்கு கதவு. வயது, ஓட்டம், விலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பின்சீட்டில் உட்காருகிறவருக்குக் கதவு உண்டா, இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பின்சீட்டுக்குக் கதவே வேண்டாம் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் நின்றதில் நியாயம் உண்டு. போன வருஷம் அவளுடைய அண்ணன் காரில் போனபோது, ஒரு திருப்பத்தில் வாண்டு கதவின் கைப்பிடியை இழுத்துவிட்டது. கதவு விரியத் திறந்துகொண்டது. குழந்தை பாதி வெளியே போய்விட்டது. அவள் கைக்கு அகப்பட்டது ஃபிராக்கின் இடுப்புப் பட்டை மட்டும். அது கிழிந்துகொண்டே வந்ததே தவிர, நல்லவேளை, அறுந்துபோகவில்லை. அந்தப் பட்டை இன்னும் அவளுடைய தையல் பெட்டியில் இருக்கிறது. அவள் அதைத் திரும்பத் தைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

"நான் ஓட்டிக்கிட்டிருக்கேன், அவ பின்னாடி இருக்கா. திரும்பிப் பாக்க முடியுமா? சொல்லுங்க" என்பாள்.

அவனும் விடமாட்டான். "தீப்பிடிச்சா? முன்சீட்டு மடங்காம மாட்டிக்கிச்சுன்னா? அவ எப்படி வெளிய வருவா?" என்பான். அவன் பிடித்த முயலுக்கு நாலு கதவு. இது வெறும் பிடிவாதம் என்று அவள் நினைத்தாள். அவனும் அவளை அப்படியே நினைக்க விட்டுவிட்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புக் காரின் முன்சீட்டை மடக்குகிற நெம்புகோலை அவன் பதினோரு தடவை இழுத்துப் பார்த்தான். விற்கிறவர் பொறுமைசாலி. கடைசியில் சாம்பல் காரின் பின்கதவைத் திறந்து, விளிம்பில் இருந்த சின்ன விசையைக் காட்டினார்.

"உங்க ரெண்டு பேரு சண்டைக்கும் மருந்து இதுல இருக்கு சார். இத இப்படித் தள்ளிட்டா குழந்தை உள்ளேருந்து என்ன பண்ணாலும் கதவு தொறக்காது. வெளிய இருந்துதான் தொறக்கலாம்."

மனைவியின் முகம் மலர்ந்தது. அவனோ குனிந்து அந்த விசையை உற்றுப் பார்த்தான்.

"அப்ப உள்ள இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"உள்ள இருக்கப்போறது குழந்தைதானே சார்?"

"அதான் கேக்குறேன்."

கேட்டதோடு விட்டானா? சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவன் ஆயிற்றே. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "சாத்துங்க" என்றான். விற்கிறவர் சாத்தினார். அந்த நேரம் பார்த்து அலுவலக அறையில் தொலைபேசி அடித்தது. அவர் திரும்பி நடந்தார். நடக்கும்போதே கையில் இருந்த ரிமோட்டை அழுத்தினார். காரை விட்டு நகர்ந்தால் பூட்டிவிட்டுத்தான் நகர்வார், அத்தனை வருஷப் பழக்கம்.

அவன் கைப்பிடியை இழுத்தான். அது பிடிமானமில்லாமல் வந்து போயிற்று. திறக்காது என்று தெரியும், திறக்காதா என்று பார்க்கத்தான் ஏறியிருக்கிறான். ஆனால் புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. மறுபடி இழுத்தான். கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினான், அதுவும் அசையவில்லை. வெந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. மூச்சு முட்டியது. பதினெட்டு வருஷமாக லிஃப்டில் மாட்டியவர்களிடம் "கதவத் தட்டாதீங்க" என்று சொல்லி வந்தவன், இப்போது இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினான். கண்ணுக்கு எதிரே இரண்டு முன்சீட்டுகளும் அவற்றுக்கு இரண்டு கதவுகளும் இருந்தன. அவை அவன் கண்ணிலேயே படவில்லை.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். வெளிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். கதவு வரவில்லை. உள்ளே அவன் முகத்தைப் பார்த்தாள். "சாவி! சாவியக் குடுங்க!" என்று கத்திக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினாள்.

வாண்டு மட்டும் அங்கேயே நின்றது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தது.

"அப்பா, நான் இங்கயேதான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன். கதவத் தொடாம மூச்ச மெதுவா விடு."

அது அவனுடைய பேச்சு. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே அவர்களைப் போனில் அழைத்துப் பேசுவான். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டு வாண்டு எத்தனை நாள் கேட்டதோ, குரலை இழுக்கிற விதம்கூட அப்படியே இருந்தது. அவன் கையை எடுத்தான். மூச்சை விட்டான்.

"இப்ப சீட்டு நடுவுல முன்னாடி ஏறி வா. மாமா கார்ல நான் அப்படித்தான் வருவேன்."

அவன் ஏறினான். முழங்கால் இடித்தது, செருப்பு ஒன்று கியரில் மாட்டிக்கொண்டது. முன்கதவுக்கு அந்த விசை கிடையாது, ரிமோட்டில் பூட்டியிருந்தாலும் உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்ததும் சாதாரணமாகத் திறந்தது. மனைவியும் விற்கிறவரும் ஓடிவந்தபோது, ஒற்றைச் செருப்போடு அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். விற்கிறவர் பத்து தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான், அவள் திட்டவில்லை.

"என்னங்க ஆச்சு? இது வெறும் கார்க் கதவு இல்ல. சொல்லுங்க."

வாண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ச் சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தது. அவன் சொன்னான்.

"இவ பொறக்கறதுக்கு முன்னாடி. ஒரு லிஃப்ட் நின்னுடுச்சு, உள்ள ஆள் இல்லைன்னு சொன்னாங்க. நானும் குரல் குடுத்துப் பாக்காம நேரா மேல மெஷின் ரூமுக்குப் போயிட்டேன். ஒரு மணி நேரம் வேலை பாத்தேன்மா, சாவகாசமா. கீழ வந்து கதவத் தொறந்தா ஏழு வயசுப் பொண்ணு. கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சு. வெளிய வாம்மான்னா வரல. என்னைப் பாத்ததும் இன்னும் மூலைக்குப் போச்சு. 'யாராவது இருக்கீங்களா'ன்னு ஒரு தடவ கேட்டிருந்தா போதும். கேக்கல."

அவள் எட்டி, கியரில் மாட்டியிருந்த செருப்பை எடுத்து அவன் காலருகே வைத்தாள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்கு இருக்கிற பயம் போதாதா?"

"எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வச்சுக்கிறீங்க. இதுலயாவது ஒண்ண எங்கிட்ட குடுத்திருக்கலாம்ல?" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சாம்பல் காரைச் சுற்றி வந்து இரண்டு பின்கதவுகளையும் பார்த்தாள்.

"இதையே எடுத்துக்கலாம். ஆனா அந்தப் பூட்டு எப்பவும் போட்டேதான் இருக்கும்."

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் தலையாட்டினான்.

கார் வீட்டுக்கு வந்த அன்று மாலை முதல் சவாரி. விசைகள் இரண்டையும் அவனே தள்ளினான், இரண்டு தடவை சரிபார்த்தான். அவள் ஓட்டினாள். அவன் முன்னால், வாண்டு பின்னால் பெல்ட் போட்டுக்கொண்டு. முதல் திருப்பத்திலேயே அவன், "வாண்டு, இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்."

பாலத்தில் ஒரு தடவை கேட்டான். பெட்ரோல் பங்க் தாண்டியதும் ஒரு தடவை. "அய்யோ இருக்கேன்ப்பா!" என்றது பின்சீட்டு. அதற்கப்புறம் அவன் கேட்டபோது பதில் இல்லை. திரும்பிப் பார்த்தான். தூக்கம். தலை கதவில் சாய்ந்திருந்தது, பூட்டுப் போட்ட அந்தக் கதவிலேயே.

அவன் முன்னால் திரும்பி உட்கார்ந்தான். கை மட்டும் முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டு, சாலை ஓரமாக நிறுத்தினாள்.

அவன் இறங்கி மறுபக்கம் போய், பின்கதவை வெளியேயிருந்து திறந்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதன் தலையை மெதுவாகத் தன் தோளுக்கு மாற்றினான். கதவு இன்னும் திறந்தே இருந்தது. மூடினால், மனைவி இறங்கி வந்து திறக்கும்வரை திறக்காது.

"நான் வந்து சாத்தட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். நானே சாத்திக்கிறேன்."

இழுத்துச் சாத்தினான். கார் உடனே கிளம்பவில்லை. முன்சீட்டிலிருந்து, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவனைப் பார்த்து அவள் கேட்டாள்:

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றான்.