எதைக் கேட்டாலும் இல்லை

சென்ற ஆண்டு கோடையில், நெய்வேலியில் நடந்தது இது. என் கணவர் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நகரியத்துக்கு வெளியே வாடகை வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒருநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். வேண்டாத தெய்வமில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு பெண் டாக்டர் எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஸ்டென்ட் அடைக்காமலிருக்க, ரத்தம் உறையவிடாத மாத்திரைகள் இரண்டு தரவேண்டும், சிலருக்கு அதனாலேயே உள்ளே ரத்தம் கசியும், யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வோம் என்று பொறுமையாக விளக்கினார். முன்பு வயிற்றுப் புண் வந்ததுண்டா, மலம் கறுப்பாகப் போனதுண்டா, வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. டாக்டர் விடாமல் இன்னொரு முறை கேட்டார். அதே பதில்தான். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை.

சுரங்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மெடிக்கல் செக்கப்புக்குப் போகிறவரிடம், போய்வந்தவர்கள் சொல்லி அனுப்புவார்கள், எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லு என்று. இடுப்பு வலி, தலைசுற்றல் என்று வாயைத் திறந்தால் மெஷினிலிருந்து இறக்கி லேசான வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயம். நம் நல்லதுக்குத்தான் மாற்றுவார்கள். ஆனால் ஆபரேட்டர் என்கிற கெத்து போய்விடுமே! சர்வீஸ் முழுக்க இவர் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார். இப்போது ஓய்வும் பெற்றாயிற்று, இறக்கிவிட மெஷினும் இல்லை. யாருக்குப் பயந்தார் மனுஷன், நீங்களே சொல்லுங்கள்.

மாதம் முடிவதற்குள் அவர் முகம் வெளிறிப்போனது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. கறுப்பாகப் போகிறது என்று ஒருநாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். “மைன்ஸ்ல முழுங்குன கரிடீ, இப்பதான் வெளிய வந்துகினு இருக்குது.” டாக்டர் கேட்டது நினைவுக்கு வந்து எனக்குச் சுரீர் என்றது. உடனே கிளம்புங்கள் என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அன்று சாயங்காலமே பாத்ரூமில் விழுந்தார்.

மறுபடி அதே டாக்டர். வயிற்றில் பழைய புண், அதிலிருந்து ரத்தம். அப்போதுதான் இவர் எல்லாவற்றையும் சொன்னார். சர்வீஸில் இருந்தபோதே, நெல்லிக்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு, அங்கே புண்ணுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். இடுப்பு வலிக்குத் தினமும் மாத்திரை போட்டிருக்கிறார், ஸ்டென்ட் வைத்த பிறகும். டாக்டர் திட்டவில்லை. தெரிந்திருந்தால் மருந்தையே மாற்றி, வயிற்றைக் காக்கவும் ஒன்று கொடுத்திருப்பேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும் என்கிற நிலைமை. மாத்திரையைத் தொடர்ந்தால் ரத்தம் நிற்காது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம். யோசித்து யோசித்து இரண்டில் ஒன்றை நிறுத்தினார்கள். ரத்தம் நின்றது. ஆனால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. என்னென்னவோ செய்து பார்த்தார்கள், காப்பாற்ற முடியவில்லை.

காரியத்துக்கு அவருடன் வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார். இன்னும் சர்வீஸில் இருப்பவர். நடந்ததை முழுக்கக் கேட்டுத் தேம்பி அழுதார். கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். முட்டி வலியாம், மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறாராம். அடுத்த வாரம் செக்கப் என்றார். “அங்க மறைக்காம சொல்லிடுங்கண்ணே” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

“இன்னும் சர்வீஸ் இருக்குதேம்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

என் கணவர் உயிரையே விட்டும் ஒரே ஒருவரின் வாயைக்கூட அது திறக்க வைக்கவில்லையே என்பதுதான், அவர் இல்லாத இந்த வீட்டைவிட அதிகமாக இன்று என்னை வதைக்கிறது.