பாதியில் நின்ற ஆகாய வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மகன் இருந்தான், கையில் போன். மருமகள் இருந்தாள், அவள் கையிலும் போன், காதில் பட்டாணி அளவுக்கு ஒரு கருவி. பெங்களூரில் வேலை செய்யும் சின்ன மகள் வந்திருந்தாள், மடியில் கம்ப்யூட்டர். நான் இருந்தேன். சுவரில் கதவகலத்துக்கு ஒரு டி.வி. இருந்தது. அதை யாரும் போடவில்லை.

சின்ன மகள் திடீரென்று "ச்சே" என்றாள்.

"என்னாம்மா?"

"என் சீரியலை நிறுத்திட்டாங்கப்பா. ரெண்டு சீசன் பாத்தேன். மூணாவது வராதாம்."

"என்ன கதை?"

"ஸ்பேஸ் கதைப்பா. ஒரு கப்பல் வேற கிரகத்துக்குப் போவுது. பாதி வழியில நிக்குது."

"உள்ள ஆளு இருக்காங்களா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இருக்காங்க. கதைதானப்பா."

கதைதான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் எழுந்து போகும்போது கம்ப்யூட்டரை என் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். அடியில் கொதித்தது. சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து ஒரு வாசம் வந்தது. அந்த வாசம் எனக்குத் தெரியும்.

தொப்பூரில் சூசையண்ணன் ஓட்டலில் இருந்த கறுப்பு வெள்ளை டி.வி. அரை மணி ஓடினால் இதே வாசத்தைத்தான் விடும். அங்கே அதோடு இன்னொன்றும் கலந்திருக்கும். கணவாய் இறங்கி வரும் லாரிகளின் பிரேக் கருகும் வாசம். துணிக்குப் போகும், டீக்குப் போகும், தலைமயிருக்குப் போகும். நான் அங்கே டீ மாஸ்டர். எண்பதுகளின் நடுவில். கல்யாணம் ஆகாத வயசு. ஐந்தாவது வரை படித்தவன், அதற்கு மேல் பால் காய்ச்சத்தான் தெரியும்.

சூசையண்ணன் முதலில் விவசாயம்தான் பார்த்தார். கிணறு வற்றியதும் கொல்லையில் ரோட்டோரத்துத் துண்டில் கீற்றுப் போட்டு ஓட்டல் வைத்தார். எதிரே ஒரு ஓட்டலில் பாட்டுப் பெட்டி இருந்தது. லாரிகள் அங்கேயே நின்றன. அதற்குப் போட்டியாகத்தான் இவர் டி.வி. வாங்கினார். ஏரியலை நீளமான தைல மரத்தில் கட்டி, மரத்தை மேட்டில் நட்டு, பெங்களூர் பக்கம் திருப்பி வைத்தார்கள். மலை மறைக்கும் இடம். படத்தை விடப் புள்ளிதான் அதிகம் வரும். டெல்லியில் ஒருவர் உட்கார்ந்து செய்தி வாசிப்பார், இங்கே அவர் மேல் பொரி கொட்டினது மாதிரி இருக்கும். யாராவது மேட்டுக்கு ஓடி மரத்தைத் திருப்ப வேண்டும். "இன்னும் கொஞ்சம்!" "போச்சு போச்சு, பழையபடி வை!" இந்தச் சத்தத்திலேயே செய்தி முடிந்துவிடும்.

சூசையண்ணனின் தங்கச்சி ரோசா ஓட்டலில்தான் இருந்தாள். மாவு ஆட்டுவது, காய் நறுக்குவது அவள் வேலை. அவள் புருஷன் அந்தோணி லாரி டிரைவர். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு இந்தூர் போனவன். கூட முனியப்பன் என்று ஒரு கிளீனர். லோடு இறக்கிவிட்டான் என்று சேதி வந்தது. அதற்கப்புறம் சேதி இல்லை. லாரியும் இல்லை. லாரி முதலாளி ஆள் அனுப்பித் தேடினார், போலீசில் எழுதிக் கொடுத்தார், பிறகு வேறு லாரி வாங்கிவிட்டார். ரோசாவுக்கு வேறு வாங்க வழியில்லை.

அப்போது போன் ஏது? வடக்கே போகிற டிரைவரிடம் சொல்லிவிடுவதுதான். அவன் நாக்பூர் பக்கம் ஒரு தாபாவில் சொல்லி வைப்பான். அங்கிருந்து இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவான். பதிலும் அப்படியே லாரி மாறி லாரி மாறி வரும். பாலக்கோட்டு டிரைவர் ஒருத்தனுக்கு ஆண் பிள்ளை பிறந்த சேதி இப்படிப் போய்ச் சேரும்போது பெண் பிள்ளையாகிவிட்டது. அவன் சின்னதாகக் கொலுசு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அதையும் போட்டுத்தான் வளர்த்தார்கள். ஆக, சேதி கொஞ்சம் முன்னேபின்னே ஆகும். ஆனால் போகும்.

ரோசாவும் சொல்லிவிடுவாள். மலை ஏறப் போகிற ஒவ்வொரு லாரியிடமும் ஈரக்கையோடு போய் நிற்பாள்.

"நீல லாரிங்ணா. நெத்தியில மாதா படம் இருக்கும். அந்தோணின்னு கேளுங்க. ரோசா தொப்பூர்லயேதான் இருக்கறான்னு சொல்லுங்க."

"சொல்றம்மா."

ஒருத்தனும் முடியாது என்று சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தொடர் வந்தது. இந்தி. பெயர் இந்தியில் ஓடும், எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த கெம்பண்ணன்தான் எங்களுக்கு இந்தி. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், வடக்கே இருபது வருஷம் லாரி ஓட்டியதில் இந்தி. கணவாயில் வண்டி கவிழ்ந்து ஒரு கால் மடங்காமல் போனதும் கவிழ்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார். மடங்காத காலை டி.வி. பக்கம் நீட்டி உட்கார்ந்து, அவன் இப்படிச் சொல்றான், இவ அப்படிச் சொல்றா என்று சொல்லிக்கொண்டே வருவார். தொடரின் பெயரை 'ஆகாய வண்டி' என்றார். அது சரிதானா என்று கேட்க அங்கே ஆளில்லை.

கதை இவ்வளவுதான். ஒரு வண்டி ஆகாயத்துக்குப் போகிறது. உள்ளே ஏழு பேர். போன கொஞ்ச நாளில் பேச்சு நின்றுவிடுகிறது. அவர்கள் பேசுவது கீழே கேட்கவில்லை, கீழே பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டிக்கு உள்ளே இருந்ததெல்லாம் ரேடியோப் பெட்டித் திருகுகள் மாதிரிதான் இருந்தது. கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். அதையெல்லாம் யாரும் பெரிசு பண்ணவில்லை. டிரைவர்களுக்குக் கேட்க வேறு கேள்விகள் இருந்தன.

"கெம்பண்ணா, இதுக்கு எத்தினி கியரு?"

"அவன் ஸ்டியரிங்கே புடிக்கல, கியரு எங்கப்பா?"

"டீசலு?"

"கெளம்பும்போதே ரொப்பிட்டாங்க."

"ஆர்.டி.ஓ. இல்ல, செக்போஸ்ட் இல்ல. குடுத்து வெச்சவனுங்க."

"நோடு, பேசாம பாக்கறதுன்னா பாரு. இல்லாட்டி போயி வண்டியெடு." கெம்பண்ணனுக்குக் கோபம் வந்தால் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடியும்.

இந்தத் தொடருக்கு மட்டும் யாரும் ஏரியல் மரத்தைத் திருப்ப ஓடமாட்டார்கள். வண்டியைச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். நாங்கள் அதை நட்சத்திரம் என்றுதான் நினைத்தோம். செய்தியில் வந்தால் புள்ளி, ஆகாயத்தில் வந்தால் நட்சத்திரம். ஒரு தடவை சூசையண்ணன் மரத்தைத் திருப்பப் போக, "நல்லாத்தான் தெரியுது, வுடுங்க மொதலாளி" என்று உட்கார வைத்துவிட்டார்கள். மழை வந்தால் நட்சத்திரம் கூடும். அதற்கும் கெம்பண்ணன் ஒரு காரணம் சொல்வார்.

ரோசா அந்த ஓட்டலில் டி.வி.யையே ஏறெடுத்துப் பார்க்காதவள். இதை மட்டும் பார்த்தாள். முதல் பூசைக்குப் போய்விட்டு ஓட்டமும் நடையுமாக வந்து, முக்காட்டை எடுக்காமலே கதவோரம் நிற்பாள். தொடரில் ஒரு பெண் வருவாள். கீழே ஒரு அறையில் காதுக் கருவி மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். வாரா வாரம் ஒரே பேச்சுத்தான் பேசுவாள். கெம்பண்ணன் அதை இப்படிச் சொல்வார்: "கேக்குதா? நாங்க இங்கியேதான் இருக்கறோம். கேக்குதா?"

முதல் தடவை அதைச் சொன்ன அன்று ரோசா தொடர் முடிந்ததும் கெம்பண்ணனிடம் வந்தாள்.

"வருவாங்களாங்ணா?"

"அடுத்த வாரம் தெரியும்மா."

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும். வடக்கிலிருந்து இறங்கும் லாரிக்காரர்களிடம் கேட்பதும் கெம்பண்ணனிடம் கேட்பதும் அவளுக்கு ஒரே கேள்விதான். எங்களுக்கும் அப்படியே ஆகிப்போனது. அந்த ஏழு பேரும் வந்துவிட்டால் அந்தோணி வந்துவிடுவான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தோம்.

பிறகு பக்கத்தில் எங்கேயோ புதிதாக டி.வி. கோபுரம் வந்துவிட்டது என்றார்கள். சூசையண்ணன் தருமபுரியிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் மரத்தை அந்தக் கோபுரத்துப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டுப் போனான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. செய்தி வாசிப்பவருக்குத் தாடையில் மரு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். சூசையண்ணனுக்கு ஒரே பெருமை. எதிர் ஓட்டல்காரனையே கூப்பிட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தொடர் ஆரம்பித்தது. வண்டி வந்தது. சுற்றிலும் ஒன்றுமில்லை. கரிச்சட்டியின் அடி மாதிரி கறுப்பு. அங்கொன்று இங்கொன்றாக மினுக்கியதோடு சரி.

"நச்சத்திரமெல்லாம் எங்கடா போச்சு?" என்றான் ஒரு டிரைவர்.

"அது நச்சத்திரம் இல்ல போலருக்குதுப்பா. புள்ளி" என்றார் கெம்பண்ணன். அவர் முகமும் செத்துவிட்டது.

ரோசா கதவோரத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"இவ்ளோ இருட்டுலயாண்ணா இருந்தாங்க இத்தினி நாளா?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்தான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் கொஞ்ச வாரம் வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஹாக்கி போட்டார்கள். அடுத்த வாரம் யாரோ வீணை வாசித்தார். அதற்கடுத்த வாரம் மாட்டுத் தீவனத்தைப் பற்றி ஒருவர் பேசினார். முடிந்தது என்றும் சொல்லவில்லை, தொடரும் என்றும் சொல்லவில்லை. யாரைக் கேட்பது? ஏழு பேரும் மேலேயே நின்றுவிட்டார்கள்.

டிரைவர்கள் விடவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு கெம்பண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"முடிவ நீயே சொல்லிடு கெம்பண்ணா. உனக்குத் தெரியாத கதையா?"

"வாரா வாரம் பாதி நீயே உட்டதுதானே?"

கெம்பண்ணன் சிரித்தார். காலை நீட்டி, தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டார். "சரி கேளு. அந்தப் பொண்ணு காதுல மாட்டிக்கினு உக்காந்திருக்குறா. அப்ப ஒரு சத்தம் கேக்குது..."

"வேணாங்ணா."

ரோசா. கையெல்லாம் மாவு.

"நல்லதாத்தாம்மா சொல்லப் போறேன்."

"நல்லதுன்னாலும் வேணாம். பாத்தத மட்டும் சொல்லுங்க. பாக்காதத சொல்லாதீங்க."

கெம்பண்ணன் காலை மடக்க முயன்றார். அது மடங்காது. ரோசா உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் சத்தம் கேட்டது.

அவர்கள் வீட்டில் சாயங்காலம் ஜெபம் உண்டு. நான் வேறு சாமி கும்பிடுகிறவன், வெளியே பாய்லரைக் கழுவிக்கொண்டிருப்பேன். உள்ளே சொல்வது கேட்கும். அந்தோணிக்காகச் சொல்வாள், முனியப்பனுக்காகச் சொல்வாள். தொடர் நின்ற பிறகு ஒரு நாள் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். ஆகாய வண்டியில போனவங்க ஏழு பேரும் ஊடு வந்து சேரணும்.

சூசையண்ணன் ஜெபத்தின் நடுவிலேயே கத்தினார். "ஏ ரோசா, அது நாடகம்! அவனுங்க வேசத்தக் கலைச்சிட்டு அன்னிக்கே வூட்டுக்குப் போயிட்டானுங்க!"

"வேசம் போட்டவங்க போயிட்டாங்க. வண்டியில போனவங்க எங்க வந்தாங்க? நிறுத்திட்டாங்க இல்ல. இனி அவங்கள யாரு கேக்கப் போறாங்க?"



நான் அங்கிருந்து கிளம்பி அதியமான்கோட்டையில் சொந்தமாக டீக்கடை போட்டேன். கல்யாணம், பிள்ளைகள். ரோடு அகலமானபோது சூசையண்ணன் ஓட்டல் போனது, பஞ்சர் கடை போனது. ஏரியல் மரம் நின்ற மேட்டையே வெட்டி எடுத்துவிட்டார்கள். சூசையண்ணன் இல்லை. கெம்பண்ணன் இல்லை. ரோசாவை ஒரு தடவை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. "சேதி ஏதாச்சும்?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். "இன்னும் ஜெபத்துல சொல்றியாம்மா?" என்றேன். "சொல்லாம எப்படிங்க மாஸ்டர்?" என்றாள். அவளும் போன வருஷம் போய்விட்டாள். சேதி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

இப்போது ஆகாயக் கதைக்குப் பஞ்சமில்லை என்கிறாள், திரும்பி வந்து உட்கார்ந்த சின்ன மகள். எந்த மொழியில் வேண்டுமோ அதில் பேசுகிறதாம், கெம்பண்ணன் தேவையில்லை. புள்ளி ஒன்றுகூட இல்லை. அவளுடைய கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தேன். நட்சத்திரமெல்லாம் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்.

"பாக்க ஆளு கொறஞ்சா நிறுத்திடறாங்கப்பா. வேற ஒண்ணு ஆரம்பிப்பாங்க. அதையும் நிறுத்துவாங்க" என்றாள். "இனிமே கவலையில்ல. கம்ப்யூட்டரே கதை சொல்லுமாம். முடிவு நமக்கு எப்படி வேணுமோ அப்படிக் கேட்டு வாங்கிக்கலாமாம்."

"நல்லதாவே சொல்லுமா?"

"கேட்டா சொல்லும்."

 அசதியாக இருந்தது. ரோசாவின் வேண்டுதலை இப்போது சொல்ல யாரும் இல்லை. எனக்கு அந்த ஜெபமும் தெரியாது. கணக்கு மட்டும் தெரியும். ஆகாய வண்டியில் ஏழு, நீல லாரியில் இரண்டு.

"உன் கப்பல்ல எத்தினி பேரும்மா?"

"எதுக்குப்பா?"

"சொல்லேன்."

"அஞ்சு பேரு."

பதினான்கு.