டேப்போடு வந்த பச்சை

அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதுதான் வசந்தாமணிக்கு வேலை. அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் அதைத்தான் செய்கிறாள். கண்ட குறையைச் சொல்லாமல் விழுங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தால் தமிழ்ச் சங்கத்தில் அவளைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் உண்டு. ஆனாலும் பொங்கல் அலங்காரத்தை அவளிடம்தான் ஒப்படைப்பார்கள்.

பொங்கல் நடப்பது பக்கத்து ஊர்ப் பூங்காவில், விக்டோரியா ராணி காலத்து இரும்பு மண்டபத்தில். பேண்டு வாசிக்கக் கட்டியது. தூணெல்லாம் வார்ப்பிரும்புக் கொடியும் பூவும்தான். ஆனால் அத்தனைக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரே கறுப்பு பெயிண்ட்.

இந்த முறை கயிறு கொண்டுவர மறந்துபோனாள். வாழை மரங்களைப் பேக்கிங் டேப்பால் தூண்களோடு சேர்த்துச் சுற்றிவிட்டாள். சாயங்காலம் டேப்பை உரித்தால், பாலாடை மாதிரி கறுப்பு பெயிண்டும் கூடவே வந்தது. பூங்கா ஆபீஸுக்குத் தெரிந்தால் அடுத்த பொங்கலுக்கு இடம் கிடைக்காது. இத்தனை ஜனத்துக்கு வேறு இடமும் இல்லை.

கணவர் சேனாபதி அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டார். "கறுப்பு ஸ்ப்ரே ஒண்ணு வாங்கியாறேன். டச்-அப் பண்ணிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

வசந்தாமணி உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இலைப் பச்சை. இரும்புப் பூவின் மேல் மங்கலாகச் சிவப்பு. அடடா, இது கறுப்பாகவே பிறந்தது என்றல்லவா நினைத்திருந்தாள்! பார்க்கப் பார்க்க மண்டபம் முழுக்க அவள் மனதில் நிறம் ஏறியது: தூண் பச்சை, பூ சிவப்பு, மேல் விளிம்பெல்லாம் மஞ்சள்.

"ஏனுங்க, இதைப் போயி மறுபடி மூடறதாங்க? நாளைக்கு நானே ஆபீஸ்ல ரிப்போர்ட் பண்ணிடறேன்."

"பண்ணு, பண்ணு. அடுத்த பொங்கலை நம்ம கராஜ்ல வெச்சுக்கலாம்."

மறுநாள் போனாள். மண்டபத்தின் போட்டோவில் தான் நினைத்த நிறங்களைக் கம்ப்யூட்டரில் பூசி எடுத்துப் போயிருந்தாள். தூணின் கதையைக் கேட்டு முகம் கடுத்த அதிகாரி டெபோரா, அந்தப் படத்தை வெகுநேரம் விடவில்லை. மஞ்சள் எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரியாது, கற்பனைதான் என்றாள் வசந்தாமணி.

பழைய பெயிண்டுகளை ஆராய்கிற ஆள் ஒருவர் வந்து அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தார். பச்சை சரி. சிவப்பும் சரி. விளிம்பு மட்டும் வெறும் வெளிர் பழுப்பு. அதே நிறங்களை மண்டபத்துக்குத் திரும்பவும் அடித்தார்கள். பொங்கலை இங்கேயே வையுங்கள், டேப் மட்டும் கூடாது என்று சிரித்தார் டெபோரா. வசந்தாமணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் அந்த மஞ்சள் மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த பொங்கலன்று பச்சைத் தூண்களுக்கு நடுவே ஏணி போட்டு, பழுப்பு விளிம்பு முழுக்க மஞ்சள் செண்டுமல்லி மாலையைக் கட்டினாள், சணல் கயிற்றால். கீழே ஏணியைப் பிடித்திருந்த சேனாபதி எல்லோரையும் அதட்டினார்: "எவனாவது டேப்பை எடுத்தீங்க, கையை ஒடிச்சுருவேன்!"

இறங்கி, தள்ளி நின்று மேலும் கீழும் பார்த்தாள். வசந்தாமணிக்கு அன்றைக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.