ஆற்றங்கரை மேட்டில் குடியிருந்த கார்

காலையில் பக்கத்து வீட்டுத் தம்பியின் கார் கிளம்ப மறுத்தது. சம்பளத்தில் பாதி அந்தக் காருக்கே போகிறதென்று அவன் அம்மா புலம்புவார். பெட்ரோல் நெடி சமையலறைவரை வந்ததும் ஓடிப்போய், காரின் பின்பக்கம் இரண்டு கையையும் வைத்துத் தயாராக நின்றேன்.

"ஐயோ, வேணாங்க்கா. மெக்கானிக் வர்றாரு."

அசடு வழியத் திரும்பினேன். அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் வேறு.

என்ன செய்வது, பழக்கம். ஆறேழு வருஷத்துக்கு முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் சின்னக் கிராணி என் கணவர். பலர் கை மாறி வந்த கார் ஒன்றைத் தவணைக்கு வாங்கியிருந்தோம். தவணை கட்டினால் பெட்ரோலுக்கு இழுபறி. புது பேட்டரி எப்போதும் 'அடுத்த மாசம்'. ஆகவே கார் சரிவில் உருண்டால்தான் உயிர் பெறும். எங்கள் இடமோ தோசைக்கல் மாதிரி தட்டை. இருந்த ஒரே மேடு ஆற்றங்கரைதான். கார் அங்கேயே குடியிருந்தது. சமதரையில் நின்றுவிட்டால் லயத்தில் குடியிருந்த தொழிலாளர்கள் தள்ளுவார்கள். தள்ளியவருக்கு டவுன்வரை ஓசிச் சவாரி. பால் வெட்டிய கையோடு தள்ளுவதால், பின்பக்கமெங்கும் ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரல் தடங்கள்.

நிறைமாதத்தில் எனக்கு அந்தக் கார் ஒன்றே கவலை. மாலையானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், சரிவில்தான் நிற்கிறதா என்று பார்ப்பேன். பாதி வழி திரும்பியதும் சந்தேகம் வந்து மறுபடி போவேன்.

வலி கண்ட நண்பகலில் அது எங்கே நின்றது தெரியுமா? சமதரையில், லயத்துக் குழாயடியில்!

"புள்ளைய அழுக்குக் காருலயா கொண்டாறது? அதான் கழுவுனேன்," என்றார் என் கணவர், கையில் தேங்காய் நாரோடு. ஒரு விரல் தடம் மிச்சமில்லை.

ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வந்தவர்கள் வாளிகளைப் போட்டுவிட்டுத் தள்ள ஓடிவந்தார்கள். காருக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு வலியிலும் கூச்சம். "ரொம்பப் பாரமா இருக்கா? நான் வேணா எறங்கிக்கிறேனே..."

"நீ எறங்கிட்டா யாரைம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது? பேசாம உக்காரு லா!" என்று அதட்டிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் தோள் கொடுத்தார் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர்.

கார் உறுமியது. வழக்கப்படி மூன்று பேர் ஓடி ஏறிக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அடுத்த வீட்டு முனியம்மா அக்கா, "கிராணி, மார்க்கெட்டுகிட்ட மெதுவாப் போங்க, மீனு வந்திருக்கான்னு எட்டிப் பாத்துக்கிறேன். எஞ்சின மட்டும் நிறுத்திறாதீங்க!" என்றாள். எட்டிப் பார்த்தாள், இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை என் கையை விடவுமில்லை.

மகளோடு திரும்பும்போது பார்த்தேன். கழுவிய காரில் புதிய விரல் தடங்கள். அவர் கழுவத் தேங்காய் நாரை எடுத்தார். வேண்டாம் என்றேன்.

இப்போது டவுனில், தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கிறோம். இப்போதுள்ள காருக்கும் தவணைதான். ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடுகிறது. நாங்கள் போவதும் வருவதும் யாருக்கும் தெரிவதில்லை. பின்பக்கத்தில் எப்போதாவது மகளின் பிசுக்குக் கை பதியும். அதையும் அவர் உடனே துடைத்துவிடுகிறார்.