பன்னிரண்டாம் எண்ணுக்குப் போன இடம்

ஆல்டன் விட்லோ எங்கள் பள்ளியில் கட்டடப் பராமரிப்பாளராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தார். கொதிகலன், ஒழுகும் கூரை, ஆய்வகத்தில் கொட்டிய அமிலம், ரோபோ அறையில் சிதறிக் கிடக்கும் இரும்புத்தூள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அங்கே வேதியியல் ஆசிரியை. என் வகுப்பில் எது உடைந்தாலும் பிள்ளைகள் என்னிடம் சொல்வதற்கு முன்பே "மிஸ்டர் ஆல்டன்!" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்துவார்கள்.

வர்ஜீனியாத் துறைமுக நகரம் ஒன்றில் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்குமென்று இருக்கும் அரசுப் பள்ளி அது. கட்டணம் கிடையாது. நகரத்தின் எந்த மூலையில் இருந்தாலும் நுழைவுத்தேர்வில் தேறினால் சேரலாம். மஞ்சள் பஸ் வீட்டருகே வந்து ஏற்றிக்கொள்ளும். ஆண்டுக்குத் தொள்ளாயிரம் பிள்ளைகள் எழுதுவார்கள். நூற்றுப் பத்து பேருக்குத்தான் இடம்.

1998இல் ஆல்டனின் மகள் லட்ரீஸ் எழுதினாள். காத்திருப்போர் பட்டியலில் பதினான்காவதாக வந்தாள். அந்தக் கோடையில் சிலர் வெளியூர் போனார்கள், சிலர் தனியார் பள்ளிக்குப் போனார்கள். பட்டியலில் முதல் பதினோரு பேருக்கு இடம் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில் இன்னும் ஓர் இடம் காலியானது. கடைசி இடத்தைப் பட்டியலில் உள்ள யாருக்கு வேண்டுமானாலும் தலைமை ஆசிரியர் தன் விருப்பப்படி தரலாம் என்று விதி இருந்தது. தலைமை ஆசிரியை டாக்டர் ஹாஸ்கல் ஆல்டனைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க ஆல்டன்."

"பேன்ட்டெல்லாம் தரை மெழுகு மேடம். நின்னுக்கிறேன்."

"ஒரு இடம் இருக்கு. லட்ரீஸுக்குக் குடுத்துடலாம்னு பாக்குறேன். எனக்கு அந்த உரிமை இருக்கு, யாரும் கேள்வி கேக்க முடியாது."

"அவ பதினாலாவது இல்லீங்களா?"

"ஆமா."

"பன்னெண்டாவது யாரு?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"அப்ப அந்தப் பிள்ளைக்கே குடுத்துடுங்க."

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

"கேட்டா வாங்கிக்கோன்னுதான் சொல்லுவாங்க. அதான் கேக்க வேணாம்னு பாக்குறேன்."

இங்கே வருவதற்கு முன் அவர் கப்பல் கட்டும் தளத்தில் பதினோரு வருடம் இருந்தவர். பதவி உயர்வுக்கு அவர் முறை மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் மேஸ்திரியின் சொந்தக்காரன் ஒருவன் இடையில் புகுந்துவிட்டான். இதை அவர் பல வருடம் கழித்து, என் வகுப்பறைக் கழுவு தொட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

வீட்டில் அவர் வாயே திறக்கவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளி அலுவலக எழுத்தர் பெர்னடீன் ஆல்டனின் மனைவியிடம், "உன் வீட்டுக்காரர் மாதிரி நேர்மையான மனுஷன நான் பாத்ததில்ல ரோஸலின்ட்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லிவிட்டார். ரோஸலின்டுக்குத் தெரிந்திருக்கும் என்றே அவர் நினைத்தார். ரோஸலின்ட் அடுப்பை அணைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனார்.

"முகம் தெரியாத பிள்ளைக்கு நம்ம பிள்ளையோட இடத்தத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அது நம்ம இடம் இல்ல ரோஸ்."

"இல்லையா? கூப்புட்டு உக்கார வெச்சுக் குடுத்தாங்களே!"

"நான் உக்காரல."

மாடிப்படியில் நின்று லட்ரீஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். "பதினாலுன்னு எனக்குத் தெரியும் டாடி. ஆனா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். அதன் பிறகு அடுத்த ஈஸ்டர் வரை அப்பாவிடம் எதையும் அம்மா வழியாகத்தான் கேட்டாள்.

அவள் பேட்டையில் இருந்த பள்ளிக்கே போனாள். பதினோராம் வகுப்பில் இயற்பியல் ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாற்றாக வந்தவர் ஐந்து மாதம் வீடியோ போட்டுக் காட்டினார். அந்தக் குளிர்காலத்தில்தான் ஆல்டன் எங்களிடம் ஒரே ஒரு தடவை எதையோ கேட்டார்: "தூக்கிப் போடுற பழைய பிசிக்ஸ் புத்தகம் ஏதாச்சும் கிடக்குதா?" இரண்டு கொடுத்தேன். ஒரு வாரம் அவள் தொடவில்லையாம். பிறகு இரண்டையும் முடித்தாள்.

கல்லூரிக்கு அவள் போகவில்லை. கப்பல் தளத்தின் பயிற்சிப் பள்ளியில் மின்வேலை கற்றுக்கொண்டு, இருபத்தேழு வயதில் நீர்மூழ்கிக் கப்பல்களில் கம்பி இழுக்கும் ஒரு குழுவுக்கு மேற்பார்வையாளர் ஆனாள். எங்கள் கட்டடத்தில் மட்டும் அதுவரை அவள் காலடி வைக்கவே இல்லை.

2012 ஜூனில் ஆல்டன் ஓய்வு பெற்றார். நூலகத்தில் விருந்து, பொரித்த கோழி, பெரிய சதுரக் கேக். லட்ரீஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"அந்தப் பன்னெண்டாவது ஆளு நல்லாப் படிச்சாங்களா மிஸ்?"

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். கடற்படை அதிகாரி ஒருவரின் மகள் அந்தப் பெண். ஜனவரியில் அப்பாவுக்கு சான் டியாகோவுக்கு மாற்றல் வந்தது, குடும்பமே போய்விட்டது. வருட நடுவில் யாரையும் சேர்க்க முடியாது. ஜூன் வரை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. சொன்னேன்.

லட்ரீஸ் தட்டை வைத்துவிட்டு எழுந்து அப்பாவிடம் போனாள்.

"டாடி, அந்தப் பொண்ணு நாலே மாசத்துல போயிடுச்சாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவ லாக்கரக் காலி பண்ணதே நான்தான். ஒரு குடையும் ரெண்டு நோட்டும் கிடந்துச்சு."

"இத்தன வருஷமா சொல்லலயே."

"சொன்னா உங்கம்மா என்னை வீட்ட விட்டே தொரத்தியிருப்பா."

"இப்பவும் தொரத்தலாம்" என்றார் ரோஸலின்ட், கேக்கை வெட்டிக்கொண்டே.

லட்ரீஸ் சிரிக்கவில்லை. "அவ போயிடுவான்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, எனக்குக் குடுங்கன்னு சொல்லியிருப்பியா?"

ஆல்டன் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரியலம்மா. அந்த லாக்கரத் தாண்டிப் போகும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கிட்டேன். மனசு ஒரு நாள் ஆமாங்கும், ஒரு நாள் இல்லங்கும்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உங்கிட்ட பேசாம இருந்திருக்க மாட்டேன்" என்றாள். பிறகு அவர் தட்டிலிருந்து ஒரு கோழித்துண்டை எடுத்துத் தின்றாள்.

மூன்று மணிக்கு ஆல்டன் சாவிக்கொத்தை அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்திட்டார். என் வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். லட்ரீஸ் காரைக் கிளப்பினாள். ரோஸலின்ட் முன்னால் ஏறிக்கொள்ள, ஆல்டன் மிச்சக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார்.