இரண்டாம் கணக்கு

அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மெஷின் எங்க இருக்கு?" என்றுதான். மெஷின் கிடையாது. கரும்பலகைகள், கம்ப்யூட்டர்கள், ஆறிப்போன டீ, அவ்வளவுதான். அணுக்கருவுக்குள் என்ன நடக்கிறது என்பதை அங்கே கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிறார்கள். உடைத்துப் பார்க்கிற வேலை வேறு ஊரில், வேறு ஆட்களுக்கு.

அங்கே கறாரான வழக்கம் ஒன்று உண்டு. எந்த விடையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டாமவர் முதலாமவரிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கணக்குப் போடும் வழியும் வேறாக இருக்க வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் கட்டுரை வெளியே போகும். இந்த இரண்டாம் கணக்கைப் போட்டுப் போட்டே தலை நரைத்தவர்தான் நம் ஆள். பட்டப்பெயரே 'ரெண்டாங்கணக்கு' என்று நிலைத்துவிட்டது. கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில், பொடி எழுத்தில் வருவார். எத்தனை மகா மேதைகளின் மானத்தை அவர் காப்பாற்றியிருக்கிறார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. "தப்பு எங்கிட்ட மாட்டிக்கிட்டா வெளிய போகாதுல்ல, அது போதும்" என்பார்.

பிறகு தலைக்குள் ஏதோ நழுவத் தொடங்கியது. பலகை முன்னால் பாதிக் கணக்கில் நிற்பார். எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்று பிடிபடாது. அடுப்பை அணைக்க மறந்த அன்று மனைவி, "டாக்டரப் பாக்கலாம் வாங்க, கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள். "வயசானா மறக்காதா?" என்று மழுப்பினார். உண்மையில் பயம். டாக்டர் வாயால் ஒரு நோயின் பெயர் வந்துவிட்டால் அந்த அறை, பலகை, நாற்காலி எல்லாம் போய்விடும். அந்த வேலையை விட்டால் மனுஷனுக்கு வேறு என்ன தெரியும், பாவம்!

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். முதல் கணக்கின் விடைகள் எல்லாம் பொதுக் கம்ப்யூட்டரில் இருக்கும். அவரிடமிருந்து அவற்றைப் பூட்டிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. திறந்து பார்த்தார். கடைசி இலக்கத்தை மட்டும் லேசாக மாற்றி, ஒத்துப்போகிறது என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை இறங்கியது.

இந்த முறை முதல் கணக்கு எதிர் அறைப் பெண்ணுடையது. இதுவரை யாரும் உண்டாக்காத கனமான அணுக்கரு ஒன்று எந்த ஆற்றலில் சிதையும் என்று போட்டிருந்தாள். அந்த எண்ணை நம்பி வேறு ஊர்க்காரர்கள் ஒரு வருஷ வேலையைத் தொடங்கக் காத்திருந்தார்கள். அவர் வழக்கம்போலப் பார்த்து எழுதி, ஆய்வுக்கூட இயக்குநரிடம் ஒரு பிரதியும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே, நல்லவேளை நீங்க இருக்கீங்க! கூட்ட வேண்டிய இடத்துல கழிச்சுத் தொலைச்சிருக்கேன். என் விடை மொத்தமும் தப்பு. உங்களுக்கு வேறயாத்தானே வந்திருக்கும்? காட்டுங்க, கட்டுரை போறதுக்குள்ள மாத்திடலாம்."

தாள் மேஜைமேலேயே கிடந்தது. அவளே எடுத்துப் பார்த்தாள்.

"கடைசி இலக்கம் தவிர அதே விடை..." என்றாள். பிறகு சிரித்தாள். "நீங்களும் அதே இடத்துல கோட்டை விட்டுட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் போடும் வழியில் அந்தக் கூட்டலும் கழித்தலும் வரவே வராது. அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நான் போடலம்மா," என்றார். "போட முடியல. உன்னுதப் பாத்து எழுதிட்டேன்."

அவள் உடனே இயக்குநருக்குப் போன் போட்டு, "அனுப்பாதீங்க சார்" என்றாள். வைத்துவிட்டு, சுவரோரம் இருந்த அலமாரியைப் பார்த்தாள். அவர் சரிபார்த்து வெளியான கட்டுரைகள் வரிசையாக நின்றன. அவற்றை நம்பி எங்கெங்கோ யார் யாரோ மேற்கொண்டு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

"இது மட்டுமாண்ணே?"

"இல்ல."

"எதுலேருந்து?"

அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. இதையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று மனதாரத்தான் நினைத்தார். ஒரு கட்டுரையை எடுத்து, கடைசிப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டு வைத்தார். இன்னொன்றை எடுத்தார். இது சொந்தமாகப் போட்டதா, பார்த்து எழுதியதா?

"ஞாபகம் வரலியேம்மா," என்றார்.

அவள் கட்டுரைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கத் தொடங்கினாள்.