அழகுமுத்துவை எழுப்பிய முள்

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன் அழகுமுத்து. வீரம்மாளுக்கு இரண்டாவது மகன். மூத்தவன் பொன்னையா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபிறகு, அவன் பெண்சாதி பூரணி அடுத்த லயத்தில், வரிசை வீடொன்றில் ஒரு பசுமாட்டோடு தனியாக இருந்தாள். அழகுமுத்து கத்தியைப் பிடித்தால் வாது சிதறாது, அப்படி ஒரு கை. கெட்ட பழக்கம் ஒன்றுதான்: காட்டில் கண்ணி வைப்பான்.

தோட்டத்துத் துரையின் நாய் கம்பிக் கண்ணியில் மாட்டிக் காலை இழந்த அன்றைக்கே, இனிக் கண்ணி வைக்கிறவனுக்குப் பேர் வெட்டு என்று ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டில் சொல்லிவிட்டார்கள். பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கிற காம்பராவும் போய்விடும். காணி பூமி இல்லாதவன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு எந்த ரோட்டில் நிற்பான்? அதற்காக அவன் கண்ணியை விட்டுவிடவில்லை. விடியுமுன் போய்ப் பார்த்துவிட்டுப் பெரட்டுக்குத் திரும்பிவிடுவான். அவ்வளவு சாமர்த்தியம்.

ஐம்பத்தேழாம் வருஷம் மார்கழி மழை. அழகுமுத்துவின் பெண்சாதி ராசம்மா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருந்தாள். அழகுமுத்துவும் அவன் கூட்டாளி வியாகுலமும் கண்ணியில் விழுந்த முள்ளம்பன்றியைச் சுட்டுத் தின்றுவிட்டு, மழை விடட்டும் என்று பாறைக்கடியில் ஒதுங்கி நின்றார்கள். அந்த நேரம் பார்த்து மேமலை சரிந்து லயத்தின் கடைசிக் காம்பராவை மூடிவிட்டது. அது அழகுமுத்துவின் காம்பரா.

அவன் நனைந்த கம்பளியோடு இறங்கி வந்தபோது முப்பது பேர் அவனைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பூரணி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். வியாகுலம் பின்வழியாக நழுவிவிட்டான்.

"எங்கடா போயிருந்தே?" என்றார் கணக்கப்பிள்ளை.

கம்பளியில் முள்ளம்பன்றி முள் ஒன்று குத்திக்கொண்டு நின்றது. எல்லோர் கண்ணும் அதன்மேல்தான். அழகுமுத்து அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பாதையில கெடந்து எடுத்ததுங்க ஐயா. தலமாட்டுல வச்சுப் படுத்திருந்தேன். விடியக்காலையில சுருக்குன்னு குத்துச்சு, எந்திரிச்சு வெளிய வந்தேன். பின்னால படார்னு சத்தம்."

பூரணி அந்த முள்ளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு மாதத்தில் அந்த மலையில் மண்சரிவுக்குக் காவலாக மஞ்சள் நூலில் முள் கட்டாத வாசல் இல்லை. ஹட்டன் பக்கத்திலிருந்துகூடச் சம்பந்தக்காரர்கள் முள் கேட்டு ஆள் விட்டார்கள். எல்லோரும் வந்தது அவனிடம்தான். இல்லை என்றால் சந்தேகம் வரும். கொடுக்க வேண்டுமென்றால் இன்னும் கண்ணி வைக்க வேண்டும். வைத்தான்.

அறுபத்து மூன்றில் மறுபடியும் ஒரு பெருமழை. பூரணியின் லயத்துக்கு மேலே நிலம் வாய் பிளந்திருந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று கணக்கப்பிள்ளை வாசல் வாசலாகச் சொல்லி வந்தார். எல்லோரும் போனார்கள். பூரணி மட்டும் நிறைசினை மாட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்க மதினி, மாட்டை நான் ஓட்டியாறேன்."

"மழையில எறக்குனா வழியிலேயே கன்னு போட்டுரும். நீ போ முத்து. என் வாசல்ல முள்ளு இருக்கு."

அழகுமுத்து குனிந்து அவள் காதோடு சொன்னான். "முள்ளும் இல்ல, மண்ணும் இல்ல மதினி. அன்னைக்கு நான் கண்ணிக்குப் போயிருந்தேன்."

"என்னையக் கெளப்ப இப்புடி ஒரு பொய்யா? சாமி குத்தம்டா!"

வாசலில் கணக்கப்பிள்ளை குடையோடு நிற்கிறார். வியாகுலம் கயிற்றோடு நிற்கிறான். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தால் பேர் வெட்டுத்தான். அப்படியும் அழகுமுத்து லயமே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டான்.

"நான் கண்ணி வச்சவன்தான்! அந்த முள்ளு நாங்க தின்ன பன்னியோடது. ஏய் வியாகுலம், சொல்லேண்டா!"

வியாகுலம் கணக்கப்பிள்ளையைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். "ஆமாக்கா. ஈரலை இவன் ஒருத்தனே தின்னுட்டான்" என்றான்.

அந்த ஈரல்தான் பூரணியை எழுப்பியது. அப்படி ஒரு பொய்யை யாரும் கட்டமாட்டார்கள் அல்லவா? கொழுந்தனை ஏழு தலைமுறைக்கு ஏசிக்கொண்டே மாட்டோடு இறங்கினாள். பொழுது சாயுமுன் மலை இறங்கி வந்து அவள் காம்பராவை மூடியது.

மூன்றாம் நாள் அழகுமுத்துவையும் வியாகுலத்தையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு வாசலில் காதில் விழுந்ததைக் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். துரை பேர்ப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். கூப்பிடாமலே பூரணியும் வந்து நின்றாள்.

"தொரைங்களே, இந்த ஆளு பேச்சை நம்பாதீங்க. என்னைய வெளிய இழுக்கச் சொன்ன பொய் அது. பொன்னையா தம்பி எறும்பைக்கூட மிதிக்கமாட்டான். இவன் எங்க கண்ணி வைக்கிறது?"

"முள்ளு?" என்றார் துரை.

"முள்ளு குத்தித்தான் எந்திரிச்சான். தோட்டம் பூராவும் தெரியும். கணக்கப்பிள்ளை ஐயாவும் வாசல்ல கட்டியிருக்காங்களே."

கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். துரை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "போ, வேலைக்குப் போ" என்றார்.

ஏற்றத்தில் வரும்போது வியாகுலம் முன்னால் ஓடிவிட்டான். அழகுமுத்து கேட்டான்.

"மதினி, நீங்க நெசமாவே எதை நம்புறீங்க?"

"வாயை மூடிக்கிட்டு வா" என்றாள் பூரணி. "மாடு காளைக்கன்னு போட்டிருக்கு. புல்லு அறுக்கணும்."